தூணில் எழுதிய எண்கள்

சென்னை
12.11.1983

அன்புத் தங்கச்சி சௌந்திரத்துக்கு,

இங்கு நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வெள்ளைக்காரரிடம் வாங்கிய நம் அஸ்தம்பட்டி மரவீட்டைப் பற்றி ஒரு பழங்கட்டட நிபுணரிடம் சொன்னேன். எட்வர்டு ராஜா காலத்து வீடு, முழுக்கத் தேக்கு, அழியவிடவே கூடாது என்கிறார். பார்க்க வருவார், காபி கொடு. இந்தப் பொங்கல் சீரை நானே நேரில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன் சென்னிமலை

அஸ்தம்பட்டி
28.11.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்தார். மாடிப்படிக் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு தூண், கதவு, பலகை ஒன்று விடாமல் சாக்பீஸால் எண் போட்டார். "ஏனுங்க, இது எதுக்குங்க?" என்றேன். "சும்மா அடையாளத்துக்கும்மா" என்றார். கூட வந்த ஆசாரியோ, "திரும்பப் பூட்டையில மாறிப்போகக் கூடாதுங்க" என்றார். நிபுணர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். நின்ற இடத்திலேயே நிற்கப்போகும் தூணை எதற்கண்ணா கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்?

என் வீட்டுக்காரர் தவறி நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து சீர் மணியார்டரில்தான் வருகிறது. இந்த வருஷம் மட்டும் நேரில் எதற்கு? அப்பா வீட்டை இருவர் பேருக்கும் எழுதியிருக்கிறார். எனக்கென்று இருக்கும் கூரை இது ஒன்றுதான். பயமாக இருக்கிறது, ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சௌந்திரம்

சென்னை
9.12.1983

சௌந்திரத்துக்கு,

உனக்கு எதிலும் சந்தேகம். ஏற்காட்டில் ஓட்டல் கட்டுகிறவர் ஒருவர் வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய், ஒரு பலகை மாறாமல் அங்கே நிறுத்தப்போகிறார். இங்கே கரையான் தின்பதற்கு அது மேல் இல்லையா? நீ ராசிபுரத்தில் உன் மகள் வசந்தாமணியோடு இருந்துகொள்ளலாம். கிரயப் பத்திரம் தயார், சீரோடு கொண்டுவருகிறேன். உன் கையெழுத்துதான் பாக்கி. எண்களை மட்டும் அழித்துவிடாதே.

சென்னிமலை

அஸ்தம்பட்டி
5.1.1984

அண்ணனுக்கு,

பொங்கலுக்கு முன்நாள் காப்புக் கட்டு வருகிறதே என்று, வேலைக்கு வரும் பொன்னாயியைக் கூட வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். தூண்களில் ஒரு எண்ணும் இல்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன், முழங்கால்தான் வீங்கிவிட்டது.

அருமையான வீடு என்பதை நான் மறுக்கவில்லை. அதை அழியவிடக் கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசினீர்கள். உள்ளே ஒருத்தி குடியிருக்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன்.

வழக்கம்போலக் கூரை இறவாரத்தில் காப்பாக வேப்பிலையும் பூளைப்பூவும் செருகுவேன். பொங்கலும் வைப்பேன். கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வருஷத்திலிருந்து எனக்குச் சீர் அனுப்ப வேண்டாம், மணியார்டரிலும் வேண்டாம்.

சௌந்திரம்