கிரேஸம்மாவின் தோளில் இருந்த விரல்கள்

இன்னமும் என் கோபத்தை அதட்டிக்கொண்டே இருக்கிற என் அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவு ஆராதனை வைத்தார்கள். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பெரம்பலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து அரியலூர் வந்தேன். சபை வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். ‘ஊழியத்தின் தாய் கிரேஸம்மா’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் உள்ளே போகாமல் திரும்பிவிடலாமா என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடம் உனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்காத சபை, அம்மா, இது. அவர்கள் மறந்துவிட்டார்கள். நீயும் மறந்துவிட்டாயா?

எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. ரெட்டிபாளையத்தில் நம் பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது காலும் கையும் விழுந்துபோயின. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தினமும் காலையில் போய் அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டிவிட்டு வந்தவள் நீ. ஒரு நாள்கூட அவளிடம் மதம் மாறச் சொன்னதில்லை. சபையில் சிலருக்கு அதுவே குறையாக இருந்தது.

அக்காவுக்குக் கொஞ்சம் நடை வந்ததும், கல்லங்குறிச்சி பெருமாளுக்கு ஒரு மூட்டை கம்பு கொடுப்பதாக வேண்டிக்கொண்டதைச் செலுத்த வேண்டும் என்றாள். கூட்டிப் போக ஆள் இல்லை. நீ போனாய். கோயில் வாசலில் அவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததை யாரோ போனில் எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

கமிட்டி உன்னைக் கூப்பிட்டது. துணைக்கு வந்த என்னைப் பேசக் கூடாது என்று கதவோரம் உட்காரவைத்தார்கள்.

“கர்த்தரோட பந்தியில கை நீட்டுறவங்க அங்க போய் நிக்கலாமா?” என்று பாஸ்டர் கேட்டார்.

“அவளால ஒத்தையா நடக்க முடியாதுங்க பாஸ்டர். புடிச்சிக்கிட்டுப் போனேன்.”

“சபைக்கு முன்னாடி ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க. முடிஞ்சு போயிடும்.”

“அவள கீழ வுட்டுருந்தா கேட்டுருப்பேங்க.”

அன்றைக்கு உன்னை எவ்வளவு பிடித்தது தெரியுமா? அதற்குப் பிறகுதான் உன்மேல் எனக்குக் கோபம். நீ நடத்திவந்த ஞாயிறு பள்ளியைப் பிடுங்கிக்கொண்டார்கள், வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார்கள், போனாய். அப்பத் தட்டு உன்னைத் தாண்டிப் பக்கத்து ஆளுக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு ஜெபம் செய்தாய். வேறு சபைக்குப் போகலாம் என்று நான் எத்தனை முறை அழுதிருப்பேன். “இது என் சபைடி. இத வுட்டுட்டு எங்க போறது?” என்று ஒரே பதில். அது பொறுமை என்று இன்றைக்கும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உன் தலைகுனிவு அவர்களுக்குத்தான் வசதியாக இருந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இப்போது சபையில் பெரிய திரை இருக்கிறது, கலர் விளக்கு இருக்கிறது, ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. பாட்டு முடிந்ததும் திரையில் உன் முகம் வந்தது. நல்ல சிரிப்பு. இந்தப் படம் இவர்களுக்கு ஏது என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு உன் வலது தோளைப் பார்த்தேன். நான்கு விரல்கள் தெரிந்தன.

அதே படம் அம்மா. கோபுரத்தை வெட்டிவிட்டார்கள். மலர்க்கொடி அக்காவை வெட்டிவிட்டார்கள். விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை.

குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கினேன். “எங்கம்மா தோளுல இருக்குற வெரலு யாருதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டேன். எல்லோரும் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள். “ஒங்களுக்குத் தெரியும். இந்தப் படத்தக் காட்டித்தான் அவங்களுக்குத் திருவிருந்த நிறுத்துனீங்க” என்றேன்.

பாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, “சிஸ்டர், லைவ்ல போயிக்கிட்டு இருக்கு. சாட்சி மட்டும் சொல்லுங்க” என்றார்.

“இதாங்க சாட்சி.”

மைக்கை நிறுத்தினார்கள். எனக்கு உன் தொண்டை, அதனால் மைக் தேவைப்படவில்லை. கமிட்டி ரூமில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செயலாளர் எழுந்து, “இது சபைங்க, பஞ்சாயத்து இல்ல” என்றார். பெண்கள் பக்கத்தில் ஆறேழு பேர் அழுதார்கள். ஆனால் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அந்த அழுகை எனக்கு எதற்கு? நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இவர்கள் எல்லோரும் உனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாடு போட்டிருந்தார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன். சாயங்காலம் பாஸ்டர் போன் செய்தார்.

“வீடியோவ யூடியூப்ல இருந்து எடுத்துட்டோம் சிஸ்டர். நாமெல்லாம் மன்னிக்கக் கத்துக்கணும்.”

“சபைக்கு முன்னாடி வந்து கேளுங்க பாஸ்டர், யோசிக்கிறேன்” என்றேன். வைத்துவிட்டார்.

இனி அந்தச் சபைக்குப் போக மாட்டேன். வேதத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. தினமும் படிக்கிறேன், ஜெபம் செய்கிறேன். அவர்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது. மன்னித்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உனக்கு வந்ததா? அல்லது உண்மையாகவே மன்னித்தாயா? அதை ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நேற்று சனிக்கிழமை. வேலை செய்யும் லேபில் லீவு சொல்லிவிட்டு ரெட்டிபாளையம் போனேன். மலர்க்கொடி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டினேன். நீ செய்ததுபோல் எனக்குப் பக்குவம் இல்லை. சோப்பு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“ஒங்கம்மா பாடிக்கிட்டே ஊத்துவா. நீ ஏன் உர்ருன்னு இருக்க?”

“கோவமா இருக்கேன்க்கா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, கோவமாவே ஊத்து. தண்ணி ஆறிடப் போவுது.”

ஊற்றினேன் அம்மா. வருகிற சனிக்கிழமையும் போவேன், அதற்கடுத்த சனிக்கிழமையும். பாட்டு வந்தால் பாடுகிறேன்.

தலைகுனியத் தெரியாத உன் மூத்த மகள்,
எஸ்தர்