சந்தைப் படியில் ஒரு மூக்குக்கண்ணாடி

அன்புள்ள வாயாடிப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. உன் அம்மாவைக் கேட்டால் "நல்லா இருக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள்.

ராஜா காலத்துப் படங்களில் இருக்கிற தப்புகளைத் திரட்டிப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் எழுதப்போகிறேன், நீயும் பார்த்துச் சொல்லு பாட்டி என்றாயே, அதற்காக நேற்று மத்தியான ஆட்டம் போனேன். புதுப்படம்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் போட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்தான் படித்துச் சொன்னாள்.

கதை கிடக்கட்டும். நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவளுக்குக் கண் துணியில்தான் போகும். ராஜாவின் அங்கி ஓரத்தில் பிரியாமல் இருக்க மெஷினில் ஓவர்லாக் அடித்திருக்கிறது. சேனாதிபதி கத்தியைத் தூக்கும்போதெல்லாம் அக்குளுக்குக் கீழே ஜிப் தெரிகிறது. ராணியின் புஜத்தில் அம்மை ஊசித் தழும்பு. மூன்று நாள் சண்டை போடுகிறார்கள், ஒருத்தன் உடுப்பிலாவது ஒட்டுத்துணி இருக்கவேண்டாமா?

எனக்கு வேறு சந்தேகங்களும் இருக்கின்றன. அத்தனை வெள்ளைத் துணியை யார் துவைத்தார்கள்? ஊசியை எதில் செய்தார்கள்? எலும்பில் என்று இன்னொரு படத்தில் காட்டினார்கள். எலும்பு ஊசியால் மெல்லிசுத் துணியைத் தைத்தால் ஓட்டை விழாதா? நீ படித்தவள், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற தப்பு ஒன்று இருக்கிறது. இடைவேளைக்கு முன்னால் சந்தை வருகிறது. கூட்டத்தில் ஒரு கிழவி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறாள். மூக்கில் கண்ணாடி! வெயில் பட்டு ஒரு நொடி மின்னிவிட்டுப் போகிறது. ராஜா எந்தக் கடையில் வாங்கிக்கொடுத்தாரோ! நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். இதை முதலில் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பாட்டி


அன்புள்ள பேத்திக்கு,

பாட்டி அவசரமாக எழுதுவது. உன் பதில் வந்தது. விளம்பரத் துண்டுப்படத்திலேயே அந்தக் கிழவி இருக்கிறாள், அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுப் பக்கத்தின் உச்சியில் வைக்கப்போகிறோம், ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது என்று எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து. போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அம்மா இருபத்துநாலு மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் கூரியரில் போடுகிறேன். நாளைக்கே கிடைத்துவிடும் என்றார்கள்.

உன் பதிலைப் பார்த்த சந்தோஷத்தில், அந்தக் கிழவியை இன்னொரு தடவை பார்த்துச் சிரிக்கலாம் என்று மறுபடி போனேன். இந்தத் தடவை முதல் வரிசை. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போகிறாள். உதடு அசைகிறது. படியை எண்ணுகிறாள்.

அவள் என் தங்கை. உனக்குச் சின்னப் பாட்டி. நீ பார்த்ததில்லை, நான் பார்க்க விட்டதில்லை.

உன் அம்மா கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் பத்தொன்பது பேர் நின்ற கூடத்தில், உன் அப்பாவுக்கு நான் தைத்த கல்யாணச் சட்டையின் கையைப் பிடித்துத் தூக்கி, "என்னக்கா, இடது கை அரை விரக்கடை குட்டையா இருக்கே" என்றாள். இருபத்தெட்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. அதற்கப்புறம் அவள் வாசலை நான் மிதிக்கவில்லை. எல்லாரும் போனபிறகு இஞ்சி டேப் வைத்து அளந்து பார்த்தேன். கால் விரக்கடை. இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அவள் அப்படிப் படியேறுவது ஒன்பது வயதிலிருந்து. மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு படியைக் கண்டாலே அழுவாள். எண்ணிக்கொண்டே ஏறுடி, பயம் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். விழுந்த அன்றைக்கு அவளைத் துரத்திக்கொண்டு ஓடியவளும் நான்தான்.

என்னோடு கடையில் தைத்த சிநேகிதி, நாங்கள் 'நூல்கண்டு' என்று கூப்பிடுவோம், இப்போது சினிமாக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கிறாள். அவளிடம் மெல்ல விசாரித்தேன். புருஷன் போனபிறகு என் தங்கைக்குப் படங்களில் இப்படிக் கூட்டத்தில் நிற்கிற வேலைதானாம். வாட்ச், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கவேண்டுமாம். மீறினது பின்னால் தெரிந்தால் மறுபடி கூப்பிட மாட்டார்களாம். இந்தக் கண்ணாடியைக் கம்பெனியில் இதுவரைக்கும் யாரும் கவனிக்கவில்லை என்றாள். கவனித்தது நான் ஒருத்திதான்.

ஒன்று மண்டையைக் குடைகிறது. அந்தக் காலத்தில் கண் மங்கின கிழவிகள் என்ன செய்திருப்பார்கள்? எந்தப் படத்திலும் காட்டவில்லை. கூடப்பிறந்தவர்கள் யாராவது கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப்போயிருப்பார்கள், இல்லையா? இவளுக்கு முன்னால் இருபது படி, இடுப்பில் கூடை, சுற்றிலும் தள்ளுகிற கூட்டம். ஒளித்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டாள்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது எனக்கும் அவளுக்கும் உள்ளது, அதில் சினிமாக் கம்பெனிக்கும் உன் பத்திரிகைக்கும் வேலை இல்லை. ஜிப்பைப் போடு, ஓவர்லாக்கைப் போடு, ராணியின் தழும்பை வேண்டுமானால் மூன்று வட்டம் போட்டுக் காட்டு. அவர்கள் எல்லாம் தாங்குவார்கள். சிவப்புப் பேனாவை இவள் முகத்தில் மட்டும் வைக்காதே.

ஆபீசில் கேட்டால், பாட்டிக்கு வயசாகிவிட்டது, தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று சொல். நான் சொல்லச் சொன்னதாகவே சொல். அதற்கும் கேட்காமல் அந்தக் கிழவியைப் பற்றி எழுதித்தான் தீரவேண்டும் என்றால், சந்தையில் கூடையோடு படியேறுகிற அந்த அம்மாள் ஒரு படிகூடத் தடுமாறாமல் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று எழுது. நான் இரண்டு தடவை பார்த்தேன், அது நிஜம்.

நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
பாட்டி