அப்பாவின் குரல் மேல் என் குரல்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஜன்னல் கட்டையில் சுரங்கத்துக் கரித்தூள். அம்மா இரண்டு தரம் துடைத்தாயிற்று.

செய்ய வேண்டியவை: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. கேஸ் புக் செய்ய. அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸ் காலி செய்யும் தேதி கேட்க (ஜூன் வரை இருக்கலாம் என்கிறார்கள்). டப்பிங்.

எடிட்டர் பாஸ்கர் சென்னையிலிருந்து போன். "எடிட்டிங் முடிஞ்சுது. அப்பா பின்னியிருக்காரு. டப்பிங்குக்கு என்ன பண்ணப் போற?" திரைப்பட விழாவுக்கு அனுப்ப மாதக் கடைசி வரைதான் நேரம்.

என் இரண்டாவது படம். கதாநாயகன் அப்பா. கேட்டதும் சரி என்றவர் அவர் ஒருவர்தான். மூன்று வருடம், அவருடைய வார ஓய்வு நாட்களில் மட்டும் ஷூட்டிங். டப்பிங் பேசக் கூப்பிடுவதற்குள் ஆகஸ்டில் போய்விட்டார்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

மார்ச் 4, புதன்

ஷூட்டிங்கில் பதிவான ஒலியையே வைத்துக்கொள்ளலாம் என்று காலை முதல் ஹெட்போனும் கையுமாக. முதல் காட்சி. அப்பா வாயைத் திறக்கிறார், மேலே என் குரல். இரண்டாவது, மூன்றாவது, அதே கதை.

சென்னையில் பதினோரு வருடம் உதவி இயக்குநர். கேமரா பக்கத்தில் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், நடிகர் திருப்பிச் சொல்வார். எப்படியும் டப்பிங்கில் பேசப்போகிறார்கள், யாருக்கும் கவலை இல்லை. அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அப்பாவும், "எனக்கு மனப்பாடம் வராதுடா. நீ சொல்லு, நான் சொல்றேன்" என்றார். அவர் ஒரு வரியை முடிப்பதற்குள் நான் அடுத்ததை ஆரம்பித்திருக்கிறேன். ஒரு வாக்கியம்கூட முழுசாக அவருடையது இல்லை.

மடையன். வேறு என்ன எழுத.

மார்ச் 5, வியாழன்

பாஸ்கர்: "சுத்தமா பத்து நிமிஷம் குரல் குடு. ஏஐல பண்ணிடலாம்."

தேடிய இடங்கள்: அப்பாவின் போன் (பட்டன் போன், ஒன்றும் இல்லை). தங்கை கல்யாண வீடியோ (அப்பா பேசும் இடத்தில் எல்லாம் பாட்டு போட்டிருக்கிறான் வீடியோக்காரன்). என் வாட்ஸ்அப். அதில் அப்பாவே இல்லை.

எப்படி இருப்பார்? டிப்ளமோ முடித்து, அப்பாவின் கம்பெனியில் அப்ரண்டிஸ் சேராமல் சென்னைக்கு பஸ் ஏறிய நாளிலிருந்து எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "சாப்டியா." "ம்." ஷூட்டிங் அன்று மட்டும் நாள் முழுக்க அவரிடம் பேசினேன். அதுவும் வசனம்.

மெயின் பஜார் மருந்துக்கடைக்காரர்: "தம்பி, அந்த மொதப் படம் எப்ப வருது?" வந்து போய்விட்டது என்று சொல்ல வெட்கம். சிரித்து வைத்தேன். மாத்திரை வாங்கியாயிற்று.

மார்ச் 7, சனி

அந்தோணி மாமாவை வரச் சொன்னேன். சுரங்கத்தில் அப்பாவோடு இருபத்தைந்து வருடம் ஒரே ஷிப்ட். கம்மாபுரத்திலிருந்து டிவிஎஸ்ஸில் வந்தார், பையில் பலாச்சுளை. குரல் ஏறக்குறைய அப்பா மாதிரி கனம். மின்விசிறியை நிறுத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, நடு அறையில் டப்பிங்.

மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பது போலப் படித்தார். நான் முன்னால் சொல்ல, அவர் பின்னால் சொல்ல. வேர்த்துக் கொட்டியது இருவருக்கும்.

"உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் சொல்லிகினே இருப்பியா?" என்றார்.

"அவருக்கு மனப்பாடம் வராது மாமா."

"யாருக்கு? கரி போற பெல்ட்டு நம்பரு, என்னிக்கு எது நின்னுச்சு, எல்லாம் மனசுலியே வச்சிகினு இருப்பாரு. ரிஜிஸ்டரப் பாக்காம சொல்லுவாரே."

நம்பர் வேறு, வசனம் வேறு என்றேன்.

அம்மா ஐந்து நிமிடம் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா இட்லி வைத்தாள். பிறகு: "அவரு வாய்ல அந்தோணி அண்ணன் பேசுனா, நான் யாரப் பாக்குறது?"

"வேற வழி இல்லம்மா. அவர் பேசினதுல எல்லாம் என் சத்தம்."

"நீ அவர எங்கடா பேச விட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். நான் பின்வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். தகனத்தன்றுகூட அழவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அனல். பவர் கட் இல்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

மிச்சம் இருப்பது என்.ஜி. போல்டர் மட்டும். 'நோ குட்' என்று நான் ஒதுக்கியவை, பாஸ்கருக்கு அனுப்பாதவை. "எல்லாத்தையும் போடு, சும்மா முகத்தையாவது பாக்குறேன்" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். குவியம் தவறியது, பால்காரர் குறுக்கே வந்தது, அப்பா தும்மியது.

பதினேழாவது: பின்வாசல் படி. அப்பா ஷூவைத் துடைத்துக்கொண்டு பேச வேண்டிய காட்சி. பக்கத்து வீட்டில் மோட்டார் சத்தம். கேமராவும் நானே, சவுண்டும் நானே. ஓடும் கேமராவை அணைக்காமல், மோட்டாரை நிறுத்தச் சொல்லப் போயிருக்கிறேன். படியில் அப்பா மட்டும். மோட்டார் நிற்கிறது. நான் அந்த வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அப்பா ஷூவைக் கையில் எடுக்கிறார். தொண்டையைச் சரிசெய்கிறார்.

"இந்த வீடு கம்பெனியோடது. சாவியக் குடுத்துட்டுப் போயிடணும். செவத்துல ஆணி அடிக்காதன்னு உங்கம்மாகிட்ட முப்பது வருஷமா சொல்றேன். ஒரு படம்கூட மாட்டல அவ. இப்ப நெனச்சா, மாட்டியிருக்கலாம்."

என் வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார். 'மாட்டியிருக்கலாம்' என்பதை இந்த முறை மெதுவாக. பிறகு அடுத்த காட்சியின் வசனம். அதற்கும் அடுத்தது. நாங்கள் அடுத்த வாரம் எடுக்க இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செருப்புச் சத்தம். அப்பா சட்டென்று நிறுத்துகிறார், குனிந்து ஷூவைத் துடைக்கிறார். என் குரல்: "என்னப்பா, வசனம் ஞாபகம் இருக்கா?"

"எங்கடா இருக்கு. நீ சொல்லு, நான் சொல்றேன்."