மாத்திரை முழுங்கியவள்

ஜூலை 4, திங்கள்

காலையிலேயே வெயில். முதல் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை, அங்கிருந்து இரண்டு மைல் நடை. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக் கணக்கெடுப்பில் எனக்கு ஒதுக்கிய ஊர். பதினோரு பேர். விரலில் குத்தி, குழாயில் ரத்தம் எடுத்து, நிறம் பார்த்து எழுதுவது என் வேலை.

எல்லாருக்கும் குறைவு. மிகக் குறைவு கன்னியம்மாவுக்கு. வயது 22, ஆறு மாதம், கடலைக்காட்டில் கூலி வேலை. ஆறரை கிராம்; பதினொன்றாவது இருக்க வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளேர். முதல் பிரசவத்தில் ரத்தம் கொட்டியிருக்கிறது, பிள்ளையும் தங்கவில்லை.

"இந்த வாட்டியாச்சும் தேறுவனாங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

இரும்புச்சத்து மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு. தினம் ஒன்று.

வாங்க வேண்டியவை: ஸ்பிரிட், பஞ்சு, எனக்கு ஒரு குடை.

ஆகஸ்ட் 6, சனி

கிருத்திகைக் கூட்டம் ஆரம்பம். பஸ் முழுக்கக் காவடி. நின்றபடியே போனேன்.

மறுபரிசோதனை. பத்துப் பேருக்கு ஏற்றம், சந்தோஷம். கன்னியம்மாவுக்கு அதே ஆறரை. கோபம் வந்துவிட்டது.

"மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லீங்க. ஒரு நாளுகூட வுடல."

"முழுங்கியிருந்தா ஏறியிருக்கணுமே."

"முழுங்கிகினுதான் கீறேன். வெளிக்குக்கூட கறுப்பா போவுதுங்க."

"பொய் சொல்லாத. உன் உசுருதான் போவும்."

எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். படிவத்தில் 'மாத்திரை சாப்பிடவில்லை' என்று எழுதினேன். கால் வலி.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன், தலைக்குக் குளித்தேன். முருகன் கோயில் மலைப்படியிலிருந்து அரோகரா சத்தம் என் அறை வரைக்கும்.

கறுப்பாய்ப் போகிறது என்றாளே! அந்த மாத்திரை உள்ளே போனால்தான் அப்படிப் போகும். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல மறந்தே போனேன். அவளாக எப்படிக் கதை கட்டுவாள்? முழுங்கியிருக்கிறாள். அப்படியானால் ரத்தம் எங்கே போகிறது?



ஆகஸ்ட் 9, செவ்வாய்

கணக்கெடுப்பை நடத்தும் டாக்டரம்மா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், திட்டியதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை.

"வெறுங்காலோட காட்டுல வேலை செய்றவளா?"

"ஆமாம், மேடம்."

"கால் வழியா ஏறுற கொக்கிப்புழுவா இருக்கலாம். மலம் வாங்கிட்டு வா, பார்த்துடலாம்."

ஆகஸ்ட் 10, புதன்

தூறல். கன்னியம்மா ஈர மண்ணில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது என்றேன். நிமிரவில்லை. டப்பாவை நீட்டினேன், எதற்கென்று சொன்னேன். பக்கத்து வரிசையில் அவள் புருஷன் முனுசாமி. "இன்னாம்மா இது, இதப் போயா கேப்பாங்க?" என்று சிரித்தான்.

கடைசியில் அவள் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு எல்லாரு எதிர்லதானே சொன்னீங்க."

நியாயம்தான். சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். குழாயடியில் பெண்கள் கூடியதும், "கன்னியம்மா பொய் சொல்லல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள்.

கன்னியம்மா கையை நீட்டினாள். "குடுங்க அந்த டப்பாவ."

கடைசி பஸ் போய்விட்டது. கடலை லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

முதல் பஸ்ஸில் முனுசாமி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். மைக்ராஸ்கோப்பில் டாக்டரம்மா என்னையும் பார்க்க வைத்தார். முட்டைகள், எங்கே நகர்த்தினாலும். "இத்தனை முட்டை போட்ட புழுங்க குடல்ல ஒட்டிக்கிட்டு அவ ரத்தத்தைக் குடிக்குது. மாத்திரை மட்டும் என்ன பண்ணும், பாவம்."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்துப் புழு மருந்து கொடுக்க ஏற்பாடு. முனுசாமியிடமே சொல்லி அனுப்பினேன், வர மாட்டாளோ என்று பயந்தேன். மத்தியானமே புருஷனோடு வந்து இறங்கினாள், கையில் ஒரு பையும் இந்த மாதத்து மாத்திரைப் பொட்டலமும்.

செப்டம்பர் 6, செவ்வாய்

எட்டு புள்ளி மூன்று!! நம்பாமல் இன்னொரு தரம் விரலில் குத்தினேன். அதேதான்.

"ஏறிக்கீதா?"

"ஏறியிருக்கு."

"தெரியுங்க. கொடம் தூக்குனா மூச்சு வாங்கறதில்ல."

மற்றப் பத்துப் பேரும் நான் கேட்காமலே டப்பா கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று மூக்குப்பொடி டப்பா. பையில் வைக்க இடமில்லை, பஸ்ஸில் மடியிலேயே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி, "பலகாரமாம்மா?" என்றார். ஆங் என்றுவிட்டேன்.

பழைய படிவத்தில் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 28, புதன்

மழை. டாக்டரம்மா சொல்லிவிட்டார்: இனி எல்லா ஊரிலும் மலப் பரிசோதனை உண்டு. படிவத்தில் புதுக் கட்டம் போட வேண்டும். காலையிலிருந்து ஸ்கேலும் பேனாவும்தான், விரலெல்லாம் மை. பாதிகூட முடியவில்லை.

பதினோரு மணி இருக்கும். முனுசாமி நனைந்தபடி வாசலில். விடியற்காலையில் கன்னியம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தானாம், எனக்குத் தெரியாது. 

"என்னாச்சு?" எழுந்துகொண்டே கேட்டேன்.

"பொண்ணு பொறந்துக்கீதுங்க. ரத்தம்லாம் ரொம்பப் போவலியாம். ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. உங்களத்தான் கூட்டாரச் சொல்லிச்சு."

பேனாவை மூடக்கூட இல்லை. ஓடினேன்.