சூடு காட்டாத தாள்கள்

அன்பு மகள் இங்குன்னுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் படகுத்துறைப் படியில் முனகுகிறது. நீயும் சிலியில், வல்பரைசோவில் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே ஈஸ்டர் முடிந்து பனி சேறாகிவிட்டது, உங்கள் ஊரில் இப்போது இலை உதிரத் தொடங்கியிருக்கும். என் பிரெயில் தட்டச்சில் ஐந்தாவது விசை சரியாக அழுந்துவதில்லை, எங்காவது ஒரு புள்ளி குறைந்து உன் விரலில் தட்டுப்பட்டால் அது என் தப்பு இல்லை, விசையின் தப்பு. இந்தக் கடிதம் எழுத உட்காரும்போது நீ எட்டு வயதில் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. சமையலறை மேசையில் உனக்குப் பிரெயில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ திடீரென்று, அப்பா, உங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க என்றாய். ட்ரொண்ட்ஹெய்மில் ஒரு அம்மா, இரண்டு கோடை அங்கே போய்க் கற்றேன் என்றேன். அவங்களுக்கு யாரு என்றாய். ஆஸ்லோவில் இன்னொரு அம்மா என்றேன். அவங்கள்ல யாராவது ஒருத்தங்க தப்பா சொல்லிக் குடுத்திருந்தா என்றாய். நான் சிரித்துவிட்டுப் பாலைக் குடி என்றேன். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

நம் பள்ளியில் விக்டிஸ் இருந்தாள் அல்லவா, இரண்டு வருடம் பாதி நாள் பாடம் எடுத்துக்கொண்டே மீதி நாளில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியை முடித்தவள், அவள் ஜனவரியில் போய்விட்டாள். கணவனுக்கு பூடோவில் வேலை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவள் அந்தப் பயிற்சிக்குப் போனதே ஒரே ஒரு பிள்ளைக்காக. மீன் பண்ணையில் வேலை பார்க்கும் குடும்பத்தின் கடைசிப் பெண், தீரில், ஏழு வயது. நாலு வயது வரை நன்றாகப் பார்த்தவள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் போய் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். கிறிஸ்துமஸுக்குள் விக்டிஸ் அவளுக்கு a முதல் j வரை முதல் பத்து எழுத்தைக் கையில் ஏற்றிவிட்டாள். ஒரு நாள் நானே பார்த்தேன், வரியின் முடிவுக்கு வரும் முன்பே இடது கை கீழே இறங்கி அடுத்த வரியைத் தேடிப் பிடித்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கை தானாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். சந்தோஷத்தில மீன் வாங்க மறந்துட்டீங்களா என்றாள். மறந்திருந்தேன்.

விக்டிஸுக்குப் பதிலாக யோஸ்டைனைப் போட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியன், நல்ல பையன், பிள்ளைகள் அவன் தோளில் தொங்குவார்கள். விக்டிஸ் அரை நாள் உட்கார்ந்து பொறுப்பை ஒப்படைத்தாள். பிறகு அவனுக்கு இரண்டு நாள் பயிற்சி, அதுவும் கணினித் திரையில். ரெண்டு நாள்ல நீச்சலே வராது, இவனுக்கு இது வருமா என்று அம்மா கேட்டாள். ஆனால் அவன் ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வாரமும் தீரிலுக்கென்று கதை எழுதினான், கால்பந்து விளையாடும் நாய், படகைத் திருடிய ஆடு, இப்படி. அதைக் கணினியில் பிரெயில் புள்ளிகளாக மாற்றி, அலமாரியில் விக்டிஸ் வைத்துவிட்டுப் போன தடித்த தாளில் அச்சடித்தான். எந்தத் தாள் என்று உனக்குத் தெரியும். நீ தொட்டுப் பார்த்து வளர்ந்த நிலப்படமெல்லாம் அதில்தான் செய்தேன். அச்சடித்த பிறகு சூடாக்கும் பெட்டிக்குள் விட்டு எடுத்தால்தான் கறுப்பு மை விழுந்த இடமெல்லாம் புடைத்து எழும். அந்தப் பெட்டி அதே அலமாரியின் மேல்தட்டில் போர்வை போர்த்தி இருந்தது. யோஸ்டைன் அதைச் சாப்பாடு சூடாக்கும் சாமான் என்று நினைத்திருக்கிறான். பயிற்சியில் அதைப் பற்றிச் சொன்ன நேரத்தில் புயலில் தீவு முழுக்க இணைய இணைப்பு அறுந்து கிடந்தது.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை, அம்மா வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தபோது யோஸ்டைன் வந்தான். கதைகளையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி, பரிசு வாங்கின பிள்ளைபோல என் முன்னால் வைத்தான். நான் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாம் மேசைக் கண்ணாடிபோல. என்னங்க முகம் இப்படிப் போகுது என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். யோஸ்டைன், இதை நீ தொட்டுப் பார்த்தியா என்றேன். பாத்தேன், எனக்கு ஒண்ணும் தட்டுப்படல, ஆனா கண்ணு தெரியறவங்க விரலுக்கு அது தெரியாதுன்னு பயிற்சியிலயே சொன்னாங்களே, உங்க விரல் எல்லாம் வேலிக்கம்பு, அதை நம்பாதீங்க, பிள்ளையோட விரலை நம்புங்கன்னு, என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். விபெக்கெ என்றான். விபெக்கெ என்னிடம் பயின்றவள், இங்குன். முன்வரிசையில் உட்கார்ந்து நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்வாள். அந்த வேலிக்கம்பு வேடிக்கை என்னுடையது. இருபத்தாறு வருடம், நான் ஆசிரியர்களுக்கு எடுத்த ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும், முதல் நாள் எல்லோரும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைச் சிரிக்கவைக்க அதைச் சொல்வேன். புள்ளி வாசிக்க வரவில்லையே என்று மனம் தளரக் கூடாதென்று சொன்னது. கொடுக்கும் முன் தாளில் புள்ளி எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க எந்த விரலும் போதும் என்பதை நான் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

சரி, பதினொரு வாரமாகத் தீரில் எப்படிப் படித்தாள் என்று கேட்டேன். நல்லா படிச்சாளே என்றான். முதலில் இவன் ஒரு தடவை வாசித்துக் காட்டுவானாம், அவள் தாளில் விரலை ஓட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வாளாம், ஒரு சொல் பிசகாது. கேட்டது அப்படியே மனதில் நிற்கும் பிள்ளை அது. திங்கட்கிழமை அவன் போய் அவளிடமே கேட்டிருக்கிறான், சாயங்காலம் வந்து படியிலேயே உட்கார்ந்து சொன்னான். இதுல ஒண்ணுமே இல்லைன்னு ஏன் சொல்லல தீரில் என்றானாம். கண்ணு போன மாதிரி விரலும் போயிடுச்சுன்னு நெனச்சேன், அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க, அதான் சொல்லல என்றாளாம். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க முடியாமல் அம்மா அவன் கையில் காப்பியைத் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் நினைத்தேன், தப்பு தெரிந்துவிட்டது, இனித் திருத்திவிடலாம் என்று. ஆனால் தீரில் இப்போது புடைத்த புள்ளியிலும் விரல் வைக்க மறுக்கிறாள். தாளைக் கண்டாலே கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொள்கிறாள். பள்ளியில் கூட்டம் போட்டார்கள், தலைமையாசிரியை ரன்வெய்க் என்னையும் மரியாதைக்குக் கூப்பிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. இந்தப் பிள்ளைக்குக் காது தங்கம், ஒட்வார், கேட்டே படிக்கட்டுமே, இப்போ எல்லாத்துக்கும் குரல் வந்துடுச்சு, ஏன் அழவைக்கணும் என்றாள். நான் உன்னை உதாரணம் சொன்னேன். நீ ஒரு குளிர்காலம் முழுக்க ஒலிநாடா மட்டும் கேட்டுவிட்டு, வசந்தத்தில் உன் மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் ஐந்து சொல்லை ஒரே சொல்லாக ஒட்டி எழுதினாய், நினைவிருக்கிறதா? காதுக்குச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பி ஊற்றினார்கள். தீரிலின் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, நீங்க சொல்றது புரியுது, ஆனா வீட்ல அழற சத்தத்தை நீங்க கேக்கல என்றாள். பிரெயிலைக் கோடை வரை நிறுத்திவைப்பது, பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று. பிறகு பார்ப்பது என்றால் என்ன என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். எட்டு வயது தாண்டி, கேட்டே பழகிய பிள்ளையை மறுபடி புள்ளிக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். யோஸ்டைன் முழுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தான், அவன் இடத்தில் நிற்க ஆள் இல்லை, அடுத்த வருடம் கேளுங்கள் என்று நகராட்சி சொல்லிவிட்டது. நான் சும்மாவே வருகிறேன் என்றேன், ஓய்வு பெற்றவருக்கு விதியில் இடமில்லை என்றார்கள். விபெக்கெக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன். நான் அந்த வேடிக்கையை எத்தனை வகுப்புல சொல்லியிருக்கேன் தெரியுமா என்றாள். இரண்டு பேரும் எண்ணிப் பார்க்கத் தைரியமில்லாமல் வைத்துவிட்டோம். இனிமேல் சொல்ல மாட்டாள். அது தீரிலுக்கு உதவாது.

போன வாரம் கடையில் அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். ஆரஞ்சுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக உருட்டிப் பெரியதைத் தேடிக்கொண்டிருந்தாள், விரலில் ஒரு குறையும் இல்லை. ஒட்வார் வந்திருக்கிறேன் என்றேன். குரலை வெச்சே கண்டுபிடிச்சேன் என்றாள். பிரெயில் வேண்டாமா தீரில் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் கோபப்படவில்லை. படிச்சு என்ன செய்ய, ஸ்கூல்ல மட்டும்தான் இருக்கு, எனக்குன்னு யாரும் இதுல எழுதறதில்லையே என்றாள். நாற்பது வருடம் ஆசிரியனாக இருந்தவன், இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீங்களே எழுதிக் குடுங்களேன் என்றாள் அம்மா. கொடுத்தேன். தீரில் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள், ஒட்வார் குடுத்தா அது பாடம்தான் என்றாளாம். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். யோஸ்டைன் எழுதினாலும் பாடம், விக்டிஸ் எழுதினாலும் பாடம். அவளைத் திருத்த நினைக்காத ஒருவர் எழுதினால் பிரிப்பாளோ என்று ஒரு எண்ணம். அது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை, மகளே, எதுவுமே எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது முதல் பத்து எழுத்து. அதற்குள் நம் மொழியில் நான், உன்னை, நாள், தோட்டம் எல்லாம் அடங்கிவிடும், நீ விளையாட்டாகத் தேடினால் இன்னும் அகப்படும்.

அம்மா உனக்கு ஆட்டுரோமக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள், சிலியில் குளிர்காலமே கிடையாது என்று நீ சொன்னாலும் கேட்க மாட்டாள். படியேறும்போது கைப்பிடியை விடாதே, இருமல் திரும்பினால் மருத்துவரிடம் போ. நீ எப்போதும் மன அமைதியோடும் நல்ல சகவாசத்தோடும் இரு, எங்கள் இருவர் அன்பும் உன்னோடு இருக்கிறது. தீரிலின் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அந்தப் பத்து எழுத்துக்குள் அடங்கும் சொற்களால் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு, இந்தத் தீவில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை அவளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கண்ணால் படிப்பவர்களுக்கான விளக்கம் எதுவும் உறைக்குள் வைக்காதே.

உன் அப்பா,
ஒட்வார்