பாதி விலைத் தட்டின் முன்னால்

இன்று காலை கடையில் ஒரு தயிர் டப்பாவின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாளையோடு தேதி முடிகிறது, பாதி விலை. எடுக்கக் கை நீட்டியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது, மாப்ள.

துபாய்ப் பக்கம் அல் ஐனில் நாம் ஒரே ரூமில் இருந்த மூன்று வருஷமும், வியாழன் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் நீ நேராகப் போவது சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைச் சாமான் வைக்கும் கடைசித் தட்டுக்குத்தான். ரொட்டி, தயிர், கோழி என்று ஒவ்வொன்றாகத் தேதி பார்ப்பாய். மூடி உப்பியிருந்தால் திரும்ப வைத்துவிடுவாய். ஏசி மெக்கானிக்கான உனக்கு அதில் கூச்சமே இல்லை. ஆபீஸில் டை கட்டி உட்கார்ந்த எனக்கு இருந்தது.

"அடுத்தவன் வேண்டாம்னு விட்டதை எதுக்குடா பொறுக்குற?" என்பேன்.

"நாளைக்குக் குப்பைக்குப் போறது இன்னைக்கு நம்ம வயித்துக்குப் போகுது. இதுல என்ன கேவலம்?" என்பாய்.

நீ வைத்த குழம்பை மட்டும் நான் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, என் மேனேஜர் தன் மனைவியோடு எதிரே வந்தார். கையிலிருந்த கோழிப் பாக்கெட்டை உன் கூடையில் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"உங்க ஃப்ரெண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார், ஒரே பில்டிங். அவ்வளவுதான்."

நீ நிமிர்ந்து ஒரு முறை என்னைப் பார்த்தாய்.

அவரோ உன் பக்கத்தில் போய் நின்று சாவகாசமாகச் சீஸ் பாக்கெட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். "இது எத்தனை நாள் தாங்கும் தம்பி?"

"நாலு நாள் இருக்கு சார். ஃப்ரிட்ஜில வச்சிருங்க" என்று தேதியைக் காட்டினாய்.

அவர் மனைவி இரண்டை எடுத்துக்கொண்டு, "நாங்க வாராவாரம் இதுக்குத்தான் வர்றோம்" என்று சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

ரூமுக்கு வந்ததும் நீ அடுப்பைப் பற்றவைத்தாய். சமைத்தாய். வழக்கம்போல எனக்கும் தட்டு வைத்து, "சாப்பிடு, ஆறிடும்" என்றாய். மன்னிப்பு வாய்வரை வந்தது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் நீ லீவில் ஊருக்குப் போனாய். போன இடத்தில் நெஞ்சுவலி. உன் அண்ணன் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம், வீட்டுக் குழாய் மாற்ற வந்தவரோடு தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழைய ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, "இவர் என் சிநேகிதர்" என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன், யாரோடு நின்றாலும். குரல் மட்டும் தேவைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.