கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்

துபாய், ஜனவரி 2012

அன்புள்ள சர்புன்னிசா,

புயலில் நம் கடலூர் வீட்டு ஓடுகள் பறந்ததை நீங்கள் எல்லாரும் என்னிடம் மறைத்தது தவறு. யார் சமாதானம் சொன்னாலும் ஒப்பமாட்டேன். உனக்கு என் ஸலாம். கால்வலி குறைந்ததா?

போனில் நீ, "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாய். இங்கே வேலை செய்யும் புவனகிரிக்காரர் ஒருவர்தான், "ஒங்க வீட்டு ஓடெல்லாம் போயிடுச்சாமே பாய்" என்றார். அதிலிருந்து, நீ நலம் என்று சொன்னாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயப்படாதே, இங்கே தமிழ் டாக்டரிடம் காட்டினேன். "இதயம் நல்லாத்தான் இருக்கு, கவலதான் ஒங்கள ஆட்டுது" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நான் கவலைப்படக் கூடாதென்று நீங்கள் மறைப்பதுதான் அந்தக் கவலை.

வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். இனி நம் மகன் இம்தியாஸ் கெட்ட செய்தியை முதலில் சொல்ல வேண்டும். மருமகள் நஸீமா, பேத்தியின் சளியைக்கூடச் சொல்லாமல் விடக் கூடாது. நானும் படபடப்பை மறைக்க மாட்டேன். நீ, பேசி முடித்ததும் போனைத் துண்டிக்காமல் அடுப்பருகே வைத்துவிட்டுச் சமையலைப் பார். தாளிக்கிற சத்தம் கேட்டாலே என் நெஞ்சு அடங்கும்.

இஸ்மாயில்